240 வாட் பெட்டிக்குள் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கும் கணினி 2014-ஆம் ஆண்டுத் தயாரிப்பு. அலுவலக மேசைகளுக்கென்றே செய்யப்பட்ட ஒடுக்கமான பெட்டி அது. ஓர் அலுவலகம் கழித்துப் போட்ட கணினிகளில் ஒன்றை 2019-இல் 9,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். உள்ளே இன்டெல் ஐ5-4590 பிராசசர் இருக்கிறது. பிறகு நானாக 16 ஜிபி ராமும் ஒரு எஸ்எஸ்டியும் சேர்த்தேன். வரவு செலவு எழுதவும், மின் கட்டணம் செலுத்தவும், இரவில் பழைய படம் ஒன்றைப் பார்க்கவும் எனக்கு அது போதுமானதாகவே இருந்தது.

வேலை வைத்தவன் என் அக்கா மகன். குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களின்போது நடக்கும் பாரதக் கூத்தை இரவு முழுவதும் செல்பேசியில் படம் பிடித்து, காட்சி காட்சியாக வெட்டி, கூத்துக் கலைஞர்களுக்கே கொடுப்பது அவனுடைய வழக்கம். இரண்டு ஆண்டுகளில் 600 ஜிபிக்கு மேல் சேர்ந்துவிட்டது. அதைத் தொகுக்க என் கணினியில் உட்கார்ந்தவன் அரை மணி நேரத்தில் எழுந்து வந்து, "மாமா, ஃபோன்ல நல்லா ஓடுது, இதுல திக்கித் திக்கி ஓடுது. ஒரு கிராஃபிக்ஸ் கார்டு போட்டா சரியாயிடும்" என்றான். கையில் 5,000 ரூபாய் இருக்கிறது என்றும் சொன்னான்.

கார்டு போட்டால் சரியாகிவிடும் என்பதை நான் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. எது திக்குகிறது என்று முதலில் பார்த்தோம். ஒரு காட்சியை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்தபோது பிராசசரின் நான்கு கோர்களும் 90 விழுக்காட்டுக்கு மேல் நின்றன. அதே காட்சியை, காணொளியைச் சுருக்கிச் சேமிக்கும் பழைய முறையான எச்.264 வடிவத்துக்கு மாற்றி ஓட்டியபோது 15-ஐத் தாண்டவில்லை. அவனுடைய செல்பேசி அதற்குப் பின்வந்த, இன்னும் இறுகச் சுருக்கும் எச்.265 வடிவத்தில் பதிவு செய்கிறது. அந்த வடிவம் தரநிலையாக வெளிவந்தது 2013-இல். எங்கள் பிராசசருக்குள் இருக்கும் எச்டி 4600 என்ற கிராஃபிக்ஸ் பகுதி வடிவமைக்கப்பட்ட காலமும் ஏறத்தாழ அதுவே. ஆகவே சுருக்கிய எச்.264 காணொளியை விரிக்க அதில் தனிச் சுற்று உண்டு, எச்.265-க்கு இல்லை. அந்த வேலை முழுவதும் பிராசசரின் தலையில் விழுகிறது.

செலவில்லாத மருந்து ஒன்று இருந்தது. செல்பேசியின் கேமரா அமைப்பில் எச்.264-க்கு மாற்றிக்கொண்டால் இனி எடுப்பவை எல்லாம் இந்தக் கணினியிலேயே தடையின்றி ஓடும். கோப்பின் அளவுதான் கூடும். அதை அன்றே மாற்றிவிட்டான். புதிதாகத் தொடங்குகிறவராக இருந்தால் இந்த இடத்தில் கார்டுப் பேச்சை நிறுத்திக்கொள்ளலாம். ஏற்கெனவே சேர்ந்த 600 ஜிபிக்குத்தான் இது உதவாது. ஆகவே எங்களுக்குத் தேவைப்பட்டது விளையாட்டு ஓட்டும் கார்டு அன்று, எச்.265-ஐ விரிக்கத் தெரிந்த, திரும்பச் சுருக்கவும் தெரிந்த கார்டு.

அடுத்து, அட்டவணைகளையும் ஒப்பீட்டுக் காணொளிகளையும் பார்ப்பதற்கு முன், பெட்டியைத் திறந்து அளவெடுத்தோம். பழைய கணினிக்குக் கார்டு தேடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வேலையைக் கடைசியில் செய்கிறார்கள் என்பது என் நெடுநாள் குறை. கார்டைத் தேர்ந்தெடுப்பது நாம் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் கணினிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ்ஸும், கேபினட் என்கிற வெளிப்பெட்டியும் ஏற்கெனவே தேர்ந்தெடுத்து முடித்துவிட்டிருக்கும்.

எங்கள் எஸ்எம்பிஎஸ் 240 வாட். அதிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் இணைப்பு வழக்கமான 24 பின் அன்று, அந்த நிறுவனத்துக்கே உரிய 8 பின். எஸ்எம்பிஎஸ்ஸின் வடிவமும் தனி. கடையில் கிடைக்கும் 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை வாங்கி மாட்டலாம் என்ற வழி அத்துடன் அடைபட்டது. கார்டுக்கென்று 6 பின் கம்பியும் வெளியே வரவில்லை. ஆகவே கார்டு தன் மின்சாரம் முழுவதையும், மதர்போர்டில் அது செருகப்படும் ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். பிசிஐ எக்ஸ்பிரஸ் தரநிலைப்படி நீளமான எக்ஸ்16 ஸ்லாட் ஒன்று கார்டுக்கு 75 வாட் வரை தரலாம். ஆனால் இப்படிப்பட்ட ஒடுக்கமான பெட்டிகள் சிலவற்றில் தயாரிப்பாளரே அதற்கும் குறைந்த எல்லையைக் கையேட்டில் அச்சிட்டிருப்பதுண்டு.

ஒரு தாளில் கூட்டிப் பார்த்தோம். பிராசசருக்கு அதன் முழு எல்லையான 84 வாட், மதர்போர்டுக்கும் ராமுக்கும் சுமார் 30, ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி, காற்றாடி எல்லாமாக 20 என்று வைத்தால் 134 வருகிறது. 75 வாட் கார்டு சேர்ந்தால் 209. தாளில் அது 240-க்குள் அடங்குகிறது என்றாலும், பத்தாண்டுக்கு மேல் உழைத்த எஸ்எம்பிஎஸ்ஸை, வேலூர் மே மாதத்தில், மின்விசிறி போட்டும் 37 பாகை காட்டும் அறையில், அதன் எல்லைக்கு அருகில் மணிக்கணக்காக ஓட்ட எனக்கு மனமில்லை. முக்கால் பங்கு, அதாவது 180 வாட், நான் வைத்துக்கொண்ட கோடு. அதன்படி கார்டுக்கு மிஞ்சியது 46 வாட்.

உயரமும் பருமனும் இன்னொரு வேலி. முழு உயரக் கார்டின் பின்பட்டை ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். எங்கள் பெட்டியில் 8 சென்டிமீட்டர் பட்டை கொண்ட குட்டைக் கார்டு மட்டுமே நுழையும். ஸ்லாட்டுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸின் தகரச் சுவருக்கும் நடுவே ஸ்கேல் வைத்து அளந்தபோது 24 மில்லிமீட்டர் இருந்தது. இரண்டு ஸ்லாட் இடம் பிடிக்கும் தடித்த கார்டுகளுக்கு அங்கே இடமில்லை. ஆக, 46 வாட்டுக்குள், குட்டையாக, ஒற்றை ஸ்லாட்டில் அடங்குவதாக, எச்.265 தெரிந்ததாக ஒன்று வேண்டும். இந்த வடிகட்டியில் போட்ட பிறகு பட்டியல் மளமளவென்று சுருங்கியது.

ஊரில் நாங்கள் விசாரித்த முதல் கடையில் என்விடியாவின் ஜிடி 710-ஐ எடுத்து நீட்டினார்கள். மின்சாரம் 19 வாட்தான், விலையும் குறைவு. ஆனால் அது கெப்ளர் என்ற பழைய தலைமுறைச் சில்லு, எச்.265-ஐ விரிக்கத் தெரியாது. எங்கள் நோய்க்கும் அந்த மாத்திரைக்கும் தொடர்பே இல்லை. 2014-இல் வந்த ஜிடிஎக்ஸ் 750 டிஐக்கு எச்.265-இல் முழுத் திறமை கிடையாது, 60 வாட்டும் கேட்கும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஜிடிஎக்ஸ் 1650 இரண்டும் பழைய கணினிகளுக்குப் பலரும் பரிந்துரைப்பவை. 6 பின் கேட்காத வகைகள் உண்டு, குட்டை வகைகளும் உண்டு. 75 வாட், தடித்த உடம்பு என்ற இரண்டு காரணங்களால் அவற்றை விட்டோம். உங்களுடையது நல்ல அகலமான கேபினட்டும் சாதாரண 400 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் என்றால் என் தேர்வு அங்கே 1650-ஆகத்தான் இருந்திருக்கும்.

ஜிடி 1030 பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அதை நாங்கள் ஏறத்தாழ வாங்கிவிட்டோம். 30 வாட், குட்டை, ஒற்றை ஸ்லாட், எச்.265 விரிக்கும்: எல்லாம் பொருந்தியது. இரண்டு இடங்களில் சறுக்கியது. ஒன்று, அந்தப் பெயரில் இரண்டு கார்டுகள் இருக்கின்றன. 2017-இல் வந்தது ஜிடிடிஆர்5 நினைவகம் கொண்டது, நொடிக்கு 48 ஜிபி வேகம். 2018-இல் அதே பெயரில் டிடிஆர்4 நினைவகத்தோடு வந்ததன் வேகம் 16.8 ஜிபி, அதாவது மூன்றில் ஒரு பங்கை ஒட்டி. பெட்டியின் மூலையில் இருக்கும் அந்தச் சிறிய எழுத்தைப் படிக்காதவர் பாதிக் கார்டை முழு விலைக்கு வாங்கி வருவார்.

இரண்டாவது சறுக்கல் அதைவிட நுட்பமானது. ஜிடி 1030-இல் காணொளியைச் சுருக்கும் என்கோடர் கிடையாது. எங்கள் பழைய எச்டி 4600-இலோ எச்.264-க்கு க்விக் சிங்க் என்ற என்கோடர் இருக்கிறது. அதை அவன் பயன்படுத்திக்கொண்டும் இருந்தான். தனிக் கார்டைச் செருகினால் பல மதர்போர்டுகள் உள்ளமைந்த கிராஃபிக்ஸைத் தாமாகவே அணைத்துவிடும். இரண்டையும் சேர்த்து இயக்கும் தெரிவு, மதர்போர்டின் அடிப்படை அமைப்புகளைக் காட்டும் பயாஸில் இருந்தால் தப்பலாம். எங்களுடையதில் அது இல்லை. ஆகவே ஜிடி 1030-ஐப் போட்டால் ஒரு திறமையை வாங்கிக்கொண்டு, கையில் இருந்த இன்னொன்றைக் காசு கொடுத்துத் தொலைத்திருப்போம். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400-லும் இதே குறை: 4 ஜிபி நினைவகம், குட்டையான ஒற்றை ஸ்லாட் வகையும் உண்டு, ஆனால் என்கோடர் இல்லை. தவிர, 53 வாட். நான்கே லேன்களில், அதாவது தரவுத் தடங்களில், பேசும் கார்டு என்பதால் பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 இல்லாத பழைய மதர்போர்டில் அதன் வேகமும் குறையும்.

மனத்தை மிகவும் இழுத்தது இன்டெல் ஆர்க் ஏ310. எச்.265-க்கும் பின்வந்த ஏவி1 வடிவம் வரைக்கும் சுருக்கத் தெரிந்த சில்லு அந்த விலையில் வேறில்லை. ஆனால் கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரே வீச்சில் எட்ட உதவும் ரீசைஸபிள் பார் என்ற வசதி மதர்போர்டில் இருக்க வேண்டும், பிராசசரும் பத்தாம் தலைமுறையாவது இருக்க வேண்டும் என்று இன்டெல்லே சொல்லியிருக்கிறது. எங்களுடையது நான்காம் தலைமுறை. ஓடினாலும் ஓடும் என்பதை நம்பிப் பிள்ளையின் 5,000 ரூபாயைப் பணயம் வைக்க நான் துணியவில்லை.

இதற்கிடையில் உள்ளூரில் ஒருவர் பழைய 1050 டிஐ ஒன்றை 2,500 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று முடிவு செய்திருந்தும், விலையைக் கேட்டதும் சபலம் தட்டிப் பார்க்கப் போனோம். கார்டின் பின்னால், பழைய அனலாக் மானிட்டர்களுக்கான நீல நிற விஜிஏ சாக்கெட் இருந்தது. 1050 டிஐ சார்ந்த பாஸ்கல் தலைமுறைச் சில்லுகளில் அனலாக் வெளியீடே கிடையாது. அந்த நீலம் அங்கே இருக்கக் காரணமில்லை. அவருடைய கணினியிலேயே மாட்டி ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டியதும், பெயருக்கு முன்னால் போலி என்று அதுவே அடைப்புக்குறிக்குள் போட்டுக் காட்டியது. மிகப் பழைய சில்லு ஒன்றின் பயாஸை மாற்றி எழுதிப் புதுப் பெயர் சூட்டியிருந்தார்கள். அவரும் யாரிடமோ ஏமாந்துதான் வாங்கியிருக்கிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. காப்பி கொடுத்து அனுப்பினார்.

கடைசியில் நாங்கள் போய்ச் சேர்ந்த கார்டு விளையாட்டு வரிசையைச் சேர்ந்ததே அன்று: என்விடியா குவாட்ரோ பி620. கட்டட வரைபடமும் இயந்திர வரைபடமும் போடும் அலுவலகக் கணினிகளுக்கென்று வந்தது அது. 1050 டிஐயின் குடும்பத்துச் சில்லைக் கொஞ்சம் குறைத்து, கூடா கோர் என்ற கணிப்பு அலகுகள் 512, 2 ஜிபி ஜிடிடிஆர்5, 128 பிட் என்று அமைத்திருக்கிறார்கள். 40 வாட், குட்டை, ஒற்றை ஸ்லாட், எச்.265-ஐ விரிக்கும், சுருக்கவும் செய்யும். அலுவலகங்கள் கணினிகளை மொத்தமாகக் கழிக்கும்போது இவை பழைய சந்தைக்கு வருகின்றன. விளையாட்டுப் பிள்ளைகள் சீண்டாததால் விலை ஏறுவதில்லை. இதே உடலமைப்பில் பின்னால் வந்த டி400-இன் 4 ஜிபி வகை இன்னும் பொருத்தமானதுதான், ஆனால் எங்களிடம் சொன்ன விலை ஏறத்தாழ இரு மடங்கு.

பாஸ்கல் தலைமுறை பழசாகிவிட்டதே என்று அவன் கேட்டது நியாயமான கேள்வி. என்விடியாவின் ஜிஃபோர்ஸ் என்ற விளையாட்டு வரிசையில் அந்தத் தலைமுறைக்கான முழு டிரைவர் 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. அதன்பின் 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும் என்று என்விடியா அறிவித்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் அதே 2025 அக்டோபர் 14-இல் நின்றது. எங்கள் பிராசசர் விண்டோஸ் 11-இன் பட்டியலிலேயே இல்லை. கணினியே அந்தி நேரத்தில் இருக்கும்போது கார்டுக்கு மட்டும் விடியற்காலையைத் தேடுவது வீண் செலவு என்று எனக்குப் பட்டது.

ஒரு சனிக்கிழமை காட்பாடியில் காலை ரயிலைப் பிடித்துச் சென்னை சென்ட்ரலில் இறங்கி, ரிச்சி தெருவுக்குப் போனோம். மூன்றாவது கடையில் பி620 கிடைத்தது. 3,800 ரூபாய், ஒரு மாதச் செக்கிங் வாரண்டி. அங்கேயே மாட்டிக் காட்டச் சொல்லி, ஜிபியு-இசட்டில் பெயரையும் நினைவகத்தின் வகையையும் சரிபார்த்தோம். அந்த மும்முரத்தில் பார்க்க வேண்டிய இன்னொன்றைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தால், கார்டில் இருந்தது 12 சென்டிமீட்டர் முழுப் பட்டை. குட்டைப் பட்டை உறையில் இல்லை. போனில் கேட்டதற்கு, வந்தது அப்படித்தான் என்று பதில் வந்தது. தப்பு என்னுடையதும்தான், கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

திங்களன்று பட்டையை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு, ஆற்காடு சாலையில் எனக்குத் தெரிந்த டிங்கர் பட்டறைக்குப் போனேன். கணினியின் பழைய ஸ்லாட் மூடி ஒன்றை மாதிரிக்குக் கொண்டுபோயிருந்தேன். நான்கு சாக்கெட் துளைகளும் பட்டையின் கீழ்ப்பாதிக்குள்ளேயே இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். மாதிரியைப் பக்கத்தில் ஒட்டவைத்து, மடிப்பு விழ வேண்டிய இடத்தில் ஊசியால் கீறி, அதற்கு மேல் ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டினார் பட்டறைக்காரர். பிறகு கீறல் வைஸின் விளிம்பில் சரியாக உட்காரும்படி பிடித்து, மரச் சுத்தியால் மூன்று தட்டு தட்டினார். தகடு செங்கோணமாக மடிந்தது. திருகு உட்காரும் பிளவை அரத்தால் எடுத்து, ஓரத்தின் பிசிறை விரல் ஓட்டிப் பார்த்துத் தேய்த்துக் கொடுத்தார். ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு, "இது எந்த வண்டியோட பார்ட்டு சார்?" என்று கேட்டார்.

மாட்டுவதற்கு முன் கார்டின் காற்றாடியையும் ஹீட் சிங்க்கையும் கழற்றினோம். அடியில் இருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்புபோல் உதிர்ந்தது. அதைத் துடைத்துவிட்டு அரிசிமணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து, நான்கு ஸ்பிரிங் திருகுகளையும் மூலைவிட்டமாகச் சிறிது சிறிதாக முடுக்கினோம். ஒரு பக்கத்தை முழுவதும் இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் சில்லின் ஓரத்தில் அழுத்தம் விழும். செருகு முனையின் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்தான் அவன்.

செருகி, மின்சாரம் கொடுத்தால், திரை கறுப்பு. காற்றாடிகள் ஓடின, ஒலி ஏதும் இல்லை. கார்டை எடுத்து மாட்டி, ராமை எடுத்து மாட்டி இருபது நிமிடம் போயிற்று. எங்கள் மானிட்டர் விஜிஏ மட்டுமே அறிந்த பழைய 18.5 அங்குலம், பி620-இல் இருப்பதோ நான்கு மினி டிஸ்பிளேபோர்ட். இடையில் 650 ரூபாய்க்கு ஒரு கன்வெர்ட்டர் வாங்கியிருந்தோம், சந்தேகம் அதன் மேல் போயிற்று. கடைசியில் கேபிளை மதர்போர்டின் பழைய விஜிஏ சாக்கெட்டுக்கே மாற்றியபோது அங்கே எழுத்து தெரிந்தது: நாளும் நேரமும் தவறு, எஃப்1 அழுத்தவும். மின்சாரத்தைத் துண்டித்ததும் பயாஸ் அமைப்புகள் எல்லாம் அழிந்து, முதல் திரை உள்ளமைந்த கிராஃபிக்ஸ் என்ற பழைய நிலைக்குப் போயிருந்தன. காரணம் மதர்போர்டில் இருந்த காசு வடிவ பேட்டரி. 3 வோல்ட் காட்ட வேண்டியது மல்டிமீட்டரில் 2.3 காட்டியது. முப்பது ரூபாய்க்குப் புது சிஆர்2032 போட்டு, முதல் திரையைக் கார்டுக்கு மாற்றிச் சேமித்ததும் படம் வந்தது. கார்டின் மேலோ கன்வெர்ட்டர் மேலோ ஒரு குற்றமும் இல்லை.

பலன்களை உள்ளபடி சொல்கிறேன். முன்பு 90 விழுக்காடு பிராசசரைத் தின்ற அதே எச்.265 காட்சி இப்போது விஎல்சி பிளேயரில் 8 முதல் 12 விழுக்காட்டில் ஓடுகிறது. அந்த ஒன்றுக்கே கொடுத்த பணம் செரித்தது. தொகுப்பதில் முன்னேற்றம் அவ்வளவு பெரிதில்லை. ஷாட்கட் என்ற தொகுப்பு மென்பொருளில் இருபது நிமிடக் காட்சி ஒன்றை எச்.264-ஆக வெளியெடுக்கப் பிராசசர் மட்டும் 41 நிமிடமும், பழைய க்விக் சிங்க் 27 நிமிடமும் எடுத்துக்கொண்டன. பி620-இன் என்கோடர் 22 நிமிடம் எடுத்தது. ஐந்து நிமிடத்தில் முடியும் என்று காத்திருந்தவன் முகம் வாடிவிட்டது. எங்கள் அமைப்பில் கோப்பை விரிப்பதும் நிறத்தைச் சரிசெய்வதும் இன்னும் பிராசசரின் வேலையாகவே இருக்கின்றன. கார்டு கடைசிக் கட்டத்தை மட்டும் ஏற்றுக்கொள்கிறது. பெரிய வேறுபாடு ப்ராக்ஸியில் தெரிந்தது. ஒவ்வொரு கோப்புக்கும் சிறிய நகல் ஒன்றைக் கார்டின் என்கோடரால் முன்கூட்டியே செய்து வைத்துக்கொண்டால், காட்சியை முன்னும் பின்னும் இழுத்துப் பார்ப்பது கைக்கு ஒட்டிக்கொண்டு வருகிறது.

ஏவி1 வடிவத்தை விரிக்க பி620-க்குத் தெரியாது. யூடியூப் சில காணொளிகளை அந்த வடிவத்தில் தரும்போது பிராசசர் மீண்டும் மூச்சு வாங்குகிறது. விளையாட்டுகளை நான் சோதிக்கவில்லை. அவன் சோதித்திருக்கிறான் என்பது ஹார்ட் டிஸ்க்கில் காணாமற்போன 30 ஜிபியிலிருந்து தெரிகிறது. சுவரில் செருகும் வாட் மீட்டரில் பார்த்தபோது, வெளியெடுக்கும் வேலை நடக்கையில் மொத்தக் கணினியும் 118 வாட் எடுத்தது. பயன்படாத டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு, அந்த வழியாகக் காற்று உள்ளே வரும்படி முகப்பு மூடியைத் திறந்து வைத்திருக்கிறோம். பகல் மூன்று மணிக்குக் கார்டு 78 பாகை காட்டுகிறது, இரவில் 69. அதனால் ப்ராக்ஸி வேலையை இரவு பத்துக்கு மேல்தான் போட வேண்டும் என்பது வீட்டு ஏற்பாடு.

கார்டு 3,800, கன்வெர்ட்டர் 650, பட்டறைக்கு 50, பேட்டரி 30, தெர்மல் பேஸ்ட் 120. ரயிலும் சாப்பாடும் என் கணக்கு. மிஞ்சிய 350 ரூபாயை வாங்கிக்கொள்ளாமல், எனக்கே ஒரு வேலை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். சென்ற ஆண்டு எடுத்த துரியோதனன் படுகளக் காட்சி மட்டும் ஏழு கோப்புகளாக 38 ஜிபி இருக்கிறது, அவற்றுக்கு ப்ராக்ஸி செய்து வைக்க வேண்டும். நேற்றிரவு நான்கு முடிந்தது. மின்சாரம் ஒருமுறை போய் வந்ததில் ஐந்தாவது பாதியில் நின்றிருக்கிறது, இன்றிரவு மறுபடி போட வேண்டும்.